அயோவா மாகாணப் பொருட்காட்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பாகத்தில், மிஸிஸிப்பி, மிஸௌரி என்னும் இரு பெரும் நதிகளுக்கிடையே அமைந்த அயோவா மாகாணத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 32 லட்சந்தான். ஆனால் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அதன் தலைநகராகிய டெ மொயினில் 11 நாட்கள் நடைபெறும் பொருட்காட்சிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகிறார்கள் என்றால், அது வெறும் வேடிக்கைக் கூட்டமாக இராது என்று யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய காட்சிகளுக்கு வித்திட்டவர் எல்கனா வாட்ஸன் என்னும் தனவந்தர். மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துப் பிட்ஸ்ஃபீல்டு நகரில் 1807-ஆம் வருஷம் தம்முடைய மெரினோ ஜாதி ஆடுகள் இரண்டை அவர் பொதுவிடத்தில் நிறுத்திக் காட்டியபோது, குடியானவர்கள் காட்டிய ஆவலைக் கண்டு, உபதேசத்தால் திருந்தாத விவசாயமும் அண்டை வீட்டுக்காரனின் கொழுத்த கால்நடையைக் கண்டால் திருந்தும் என்று தெளிந்து, சில ஆண்டுகளில் பரிசுகளோடு கூடிய கால்நடைக் காட்சியையே ஏற்படுத்தினார். நியூயார்க் மாகாணம் 1841-இல் சிரக்யூஸ் நகரில் அதையே மாகாணம் முழுமைக்கும் உரிய காட்சியாக நடத்தியது.

அயோவா, ஐக்கிய நாடுகளில் மாகாணமாகச் சேர்ந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த 1854-ஆம் வருஷத்து அக்டோபரில், ஃபேர்ஃபீல்டு என்னும் சிற்றூரில் தன் முதற் காட்சியை நடத்தியது. அவ்வூருக்கு அப்போது ரயில் பாதை இல்லை. புல்வெளிகளை அப்போதுதான் உழத் தொடங்கியிருந்த குடும்பங்கள் பல நாள் வழியை வண்டிகளில் கடந்து வந்தன. தானியமும் கலப்பையும் காளையும் காண வந்த கூட்டத்தின் உள்ளத்தைப் பெண்களின் குதிரைச் சவாரிப் போட்டியே கொள்ளைகொண்டது. நடுவர்கள் பரிசாகிய தங்கக் கடிகாரத்தை வேறொருத்திக்கு வழங்கிவிட, ஜனங்களோ தங்கள் மனங்கவர்ந்த பதின்மூன்று வயது ஏழைச் சிறுமிக்குத் தாங்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தீர்ப்பைத் திருத்தி எழுதும் உரிமை தமக்கு உண்டு என்று பார்வையாளர்கள் கருதியது, இந்தக் காட்சி யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்த்திவிட்டது.

அதன்பின் ஊர் ஊராக அலைந்த காட்சி 1879-இல் டெ மொயினை அடைந்து, 1886-இல் நகரின் கீழ்ப்புறத்தில் இன்றுள்ள நிரந்தர ஸ்தலத்தில் நிலைபெற்றது.

நிலம் நிலைத்ததும் செலவு பெருகியது. அதை ஈடுகட்டக் கேளிக்கை புகுந்தது. 1896-இல் இரண்டு ரயில் எஞ்ஜின்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைத்துக் காட்டினார்கள். இந்த விநோதம் பின்னும் நிகழ்ந்து, ஜனாதிபதித் தேர்தல் ஆண்டாகிய 1932-இல் வேட்பாளர்களின் பெயர்களையே கொண்டு ஓர் எஞ்ஜினுக்கு ஹூவர் என்றும் மற்றொன்றுக்கு ரூஸ்வெல்ட் என்றும் பெயரிடும் அளவுக்குச் சென்றது. உழவர்க்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று முகஞ்சுளிப்பது எளிது. ஆனால் மோதலைப் பார்க்க வந்தவன் கால்நடைக் கொட்டகையையும் பார்த்துவிட்டுத்தான் போனான் என்பது என் அபிப்பிராயம்.

கேளிக்கையும் போதனையும் ஒன்றாய்க் கலந்த அதிசயம் வெண்ணெய்ப் பசு. 1911 முதல் செய்யப்பட்டுவரும் இவ்வுருவத்துக்கு மரமும் கம்பியும் வலையும் எலும்புக்கூடு. அதன்மேல் சுமார் 600 ராத்தல் வெண்ணெயைப் பூசி, குளிரூட்டிய கண்ணாடி அறையில் ஐந்தரையடி உயரமான பசுவாகத் திரட்டுகிறார்கள். வெண்ணெய் வீணாவதில்லை, சேமித்து வைத்து அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடியும் உபயோகிக்கிறார்கள். 1960 முதல் 2005 வரை இதை வடித்தவர் நார்மா லயன் என்னும் அம்மையார். கால்நடை விஞ்ஞானம் பயின்ற பண்ணைக் குடும்பத்துப் பெண்மணியாதலால், அவர் வடித்த பசுவில் பால்பண்ணைக்காரனும் குற்றங்காண முடிந்திராது. 1999-இல் ஏசுநாதரின் கடைசி இராப்போஜனத்தையே அவர் வெண்ணெயில் அமைத்துவிட்டார்!

எழுத்தாளர் ஃபில் ஸ்டாங் 1932-இல் இக்காட்சியைக் களமாகக் கொண்டு எழுதிய நாவல் மறுவருஷமே திரைப்படமாயிற்று. பரிசுபெறும் பன்றி ஒன்று அக்கதையின் முக்கிய பாத்திரம்; அயோவாவாசிகளுக்கு இது சிறிதும் விசித்திரமாய்த் தோன்றியிராது.

உண்மையில் காட்சியின் உயிர்நாடி அந்தக் கால்நடைக் கொட்டகைகளிலேதான் இருக்கிறது. ‘ஃபோர்-எச்’ என்னும் சிறுவர் சங்கங்களைச் சேர்ந்த பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கன்றையோ பன்றியையோ குளிப்பாட்டிச் சீவி அரங்கிற்குள் நடத்தி வருகிறார்கள். நடுவர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து வரிசைப்படுத்திய பின், முதலாவது ஏன் முந்தியது, இரண்டாவது ஏன் பிந்தியது என்பதை ஒலிபெருக்கியில் சபையறிய எடுத்துரைக்கிறார். தோற்ற பிள்ளைக்கும் காரணம் தெரிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. வாட்ஸன் விரும்பிய கல்வி இதுவே.

ராட்டினமும் குச்சியிற் செருகிய பன்றி இறைச்சியும் எங்கும் கிடைக்கும். ஆகவே ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பக்கம் செல்லும் அன்பர்கள், வெண்ணெய்ப் பசுவைப் பார்க்க நிற்கும் நீண்ட வரிசையில் சேருமுன், காலை வேளையிலேயே கால்நடை அரங்கிற்குப் போய் ஒரு தீர்ப்பையாவது முழுவதும் கேட்டுவிடுவார்களாக.