சர்க்கரைக்கு மணி தெரியும்

காலை எட்டு மணிக்கு நான்கு இட்லி. அதே மாவில், அதே சட்னியோடு, அதே நான்கு இட்லியை இரவில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்குக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒரே உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட பின் ஏறிய சர்க்கரை, இரவு வேளையில் 17 சதவீதம் அதிகமாக இருந்தது. சர்க்கரை நோயாளியிடம் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறோம். எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள் என்று கேட்பது அரிதாகவே இருக்கிறது. சிகிச்சை பலருக்குச் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

உடம்புக்குள் ஓடும் கடிகாரங்கள்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண் வழியே வரும் வெளிச்சத்தை வைத்து அது தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரல், கணையம், தசை, கொழுப்பு ஆகியவற்றின் செல்களுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவற்றில் பல, வெளிச்சத்தைவிட நாம் சாப்பிடும் நேரத்தையே அதிகம் கவனிக்கின்றன. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இருட்டியதும் மெலடோனின் சுரக்கிறது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் இந்த ஹார்மோன், கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் தணிக்கிறது. அந்த நேரத்தில் புரோட்டாவும் குருமாவும் உள்ளே போனால், வரும் சர்க்கரையைச் சமாளிக்கப் போதுமான இன்சுலின் இருப்பதில்லை.

எடை ஏன் ஏறுகிறது?

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களை 28 மணி நேரம் கொண்ட ‘நாட்களில்’ வாழவைத்து உடல் கடிகாரத்தைத் தடம் புரட்டினார்கள். போதும் என்ற நிறைவைத் தரும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய் இல்லாத 8 பேரில் 3 பேருக்குச் சாப்பிட்ட பின் சர்க்கரை, நோயின் முன்நிலையில் இருப்பவர்களைப் போல ஏறியது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலினும் கூடுகிறது. இரவு இரண்டு மணிக்கு கேன்டீனில் டீயோடு பஜ்ஜியைத் தேடும் இரவு ஷிஃப்ட் தொழிலாளியை ‘வாய்க்கட்டுப்பாடு இல்லை’ என்று திட்டுவது அநியாயம். அவரைத் தூண்டுவது அவருடைய சொந்த ஹார்மோன்கள்.

அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வந்தது. சுழற்சி முறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு, இரவுப் பணியே பார்க்காதவர்களைவிட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான அபாயம் 58 சதவீதம் அதிகம். உடல் எடையின் பங்கைக் கழித்துப் பார்த்தால் அது 24 சதவீதமாகக் குறைகிறது. எடை ஏறுவது பெரிய காரணம், ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழும் நாடு இந்தியா என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது.

1-0-1 யாருக்கு?

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று. பகலில் உழைத்து இரவில் தூங்குகிறவருக்கான கணக்கு அது.

திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரை எண்ணிப் பாருங்கள். சீட்டில் உள்ளபடி ‘காலை மாத்திரை’யைப் போட்டுக்கொள்கிறார். அலுப்பில் ஒரு டீயோடு படுத்துவிடுகிறார். அந்த மாத்திரை கிளிமிபிரைடு வகையாக இருந்தால், வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். பதினொரு மணிவாக்கில் சர்க்கரை இறங்குகிறது. வியர்வை, படபடப்பு, கை நடுக்கம். விழித்திருந்தால் ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொள்வார். தூங்குகிறவருக்கு அது தெரிவதில்லை. ‘நைட் பார்த்த அலுப்பு, தூங்கட்டும்’ என்று வீட்டில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நிலை இது.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படிச் சர்க்கரை இறங்கும் பயம் மிகக் குறைவு. வேளைக்குப் போடும் இன்சுலின், கலவை இன்சுலின் இரண்டும் சாப்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை, கடிகாரத்துக்கு அல்ல. நாளுக்கு ஒருமுறை போடும் நீண்டநேர இன்சுலினை, ஷிஃப்ட் எதுவானாலும் பொதுவாக ஒரே மணிக்குப் போடச் சொல்வார்கள். ஆகவே ‘நான் ராத்திரி வேலைக்குப் போகிறேன் டாக்டர்’ என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். மருந்தின் வகையும் நேரமும் அதை வைத்து மாற வேண்டியிருக்கலாம். மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ, வேளை மாற்றவோ வேண்டாம்.

பரிசோதனையிலும் இதே சிக்கல் இருக்கிறது. வெறும்வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர எதுவும் எடுத்திருக்கக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்கு கேன்டீனில் குடித்த டீயை மறந்து, ஷிஃப்ட் முடிந்த கையோடு லேபில் ரத்தம் கொடுத்தால் அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டுவது தவறாகிவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரவுப் பணியாளர்களுக்குக் கூடுதல் துணை.

இரவு வேலையை விட முடியாதவர்களுக்கு

வேலையை விடு என்று சொல்வது எளிது. வீட்டுக் கடன் கட்டுகிறவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? 2021-இல் வந்த ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. இரவுப் பணி போன்ற சூழலை ஆய்வகத்தில் உருவாக்கி, ஒரு குழுவை இரவிலும் சாப்பிட வைத்தார்கள், மற்றக் குழுவைப் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களின் சராசரி சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், அதுவும் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் செய்தது. ஆனாலும் வழி காட்டுகிறது.

முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். நடு இரவில் பசித்தால் சுண்டலோ மோரோ வேகவைத்த முட்டையோ போதும். சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளையையும் தவிர்க்கக் கூடாது. பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்குங்கள், போனைத் தள்ளி வையுங்கள். தூங்கும்போது பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பருமன் உள்ளவர்களிடம் அதிகம் காணும் இந்தக் கோளாறு, சர்க்கரையையும் மோசமாக்கும்.

குளுக்கோமீட்டர் எண்ணைக் குறிக்கும் நோட்டில் அதன் பக்கத்திலேயே அன்றைய ஷிஃப்ட், கடைசியாகச் சாப்பிட்ட மணி, தூங்கி எழுந்த மணி மூன்றையும் எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும் வாரத்துக்கு முன்பே அந்த நோட்டோடு மருத்துவரிடம் போய், அந்த வாரத்துக்கான மருந்து வேளையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.