எழுத்தால் கட்டிய ஊர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணிப்பொறி விளையாட்டு என்றதும் வண்ணப் படங்களும் வெடிச் சத்தமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் படமே இல்லாமல், வெறும் எழுத்தை மட்டும் கொண்டு, பல நாட்டவரும் ஒரே நேரத்தில் கூடி ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே 'மட்'. 'பலர் புகும் நிலவறை' என்பது அப்பெயரின் பொருள். அதில் அடியெடுத்து வைப்பது எப்படி என்பதைக் காண்போம்.

தோற்றம்

1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர் இதனை எழுதத் தொடங்கினார். 1980 முதல் அவருடைய நண்பர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தார். பல்கலைக்கழகக் கணிப்பொறி ஓய்ந்திருக்கும் இரவு வேளைகளில், வெளியாரும் தொலைபேசிக் கம்பி வழியே வந்து ஆடினர். பிறந்த குடியை வைத்து ஆளை எடைபோடும் தம் நாட்டு வழக்கத்துக்கு மாற்றாக, அவரவர் செயலால் உயரும் ஓர் உலகை அமைக்க விரும்பியதாகப் பார்ட்டில் பின்னாளில் விளக்கியுள்ளார். இச்செய்தியே என்னை இவ்விளையாட்டின் பக்கம் இழுத்தது எனலாம்.

ஆடும் முறை

நேராக வகுத்த வீதிகளில் வளர்ந்த புதுவை மக்களுக்கு இது மிக எளிது. நேரு வீதி ஒரு 'மட்' ஆனால் திரையில் இப்படி எழுத்துகள் தோன்றும்: "நீ பெரிய மார்க்கெட் வாசலில் நிற்கிறாய். கிழக்கே, மேற்கே வழி உண்டு. இங்கே ஒரு பூக்காரம்மா இருக்கிறார்." கிழக்கைக் குறிக்கும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் அடுத்த இடம். அப்படியே காந்தி வீதி, மிஷன் வீதி, பெரிய வாய்க்கால் எல்லாம் கடந்து கடற்கரையை அடையலாம். 'லுக்' என்றால் சுற்றிப் பார்த்தல். 'சே' என்றால் அருகிலிருப்பவரிடம் பேசுதல். 'ஹூ' என்றால் உள்ளே இருப்போர் பட்டியல். 'ஹெல்ப்' என்றால் விளக்கம். இந்த நான்கும் முதல் நாளைக்குப் போதும்.

புதியவர்க்குச் சில யோசனைகள்

1. 1996 முதல் நடந்துவரும் 'ஆர்ட்வுல்ஃப்' போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்கென அதில் ஒரு பயிற்சிக்கூடமே உண்டு. கட்டணம் கிடையாது.

2. 'மட்லெட்' என்னும் இலவச மென்பொருளைக் கணிப்பொறியில் நிறுவிக்கொள்ளுங்கள். இணைப்பு மெதுவாக இருந்தாலும் எழுத்து வந்துவிடும்.

3. கிராப் தாளில் வரைபடம் போடுங்கள். ஒரு கட்டம், ஓர் இடம். வழி தப்பினால் தாள் காட்டும்.

4. ஐயம் வந்தால் புதியவர் அலைவரிசையில் கேளுங்கள். பழைய ஆட்டக்காரர்கள் விடை சொல்வார்கள்.

5. சொந்தப் பெயரையும் முகவரியையும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

இதனால் ஆய பயன்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் ஓர் ஐயம் கேட்க நாக்கு எழாது. இந்த ஊரிலோ என் உச்சரிப்பை எவரும் கேட்பதில்லை. சட்டையையும் எவரும் பார்ப்பதில்லை. யோசித்து ஒரு வாக்கியம் எழுதினால் அதற்கு மறுமொழி வருகிறது. புரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்ட நேரமும் கிடைக்கிறது. நாளடைவில் பாடநூலின் ஆங்கிலமும் அச்சமூட்டவில்லை. பார்வையற்றோரும் திரைவாசிப்பான் துணையுடன் மற்றவர்க்குச் சமமாக இதனை ஆடுகின்றனர் என்பது போற்றத்தக்கது.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது இந்த ஊரைப் பூட்டிவைப்பதே நலம். நண்பர்களே, 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் தாம் எழுதிய 'டிக்குமட்' நிரலைப் பிறரும் எடுத்தாளும்படி வெளியிட்டனர். அவர்களும் நம்மைப் போன்ற மாணவர்களே. தமிழில் பேசும் ஓர் ஊரை நாமும் எழுத்தால் கட்டலாகாதா?