டார்ச்சுக்கு ‘9900’ பேட்டரியா? லித்தியம் செல் வாங்கும் முன் இதைப் படிங்க!

ஆன்லைனில் எல்இடி டார்ச்சுக்கு ரீசார்ஜ் பேட்டரி தேடினால் ‘18650’ என்ற பெயரில் ஏகப்பட்ட செல்கள் வந்து நிற்கும். ஒன்றில் 3000 எம்ஏஎச் என்று இருக்கும், விலை கொஞ்சம் அதிகம். பக்கத்திலேயே 9900 எம்ஏஎச், விலையோ பாதிதான். கை தானாக இரண்டாவது பக்கம் போகும். ஆனால், அந்த 9900 என்பது சாத்தியமே இல்லாத எண்.

18650 என்றால் என்ன?

அது கம்பெனி பெயர் அல்ல, அளவு. விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. கடைசியில் வரும் பூஜ்ஜியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. இந்த அளவுக்குள் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான நல்ல செல்களின் உச்சம் சுமார் 3500 எம்ஏஎச்தான். அதைவிடப் பெரிய 21700 செல்லிலேயே பொதுவாக 5000 அளவில்தான் கிடைக்கும். 18650 மேல் 5000, 9900 என்று அச்சடித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், தள்ளி வைத்துவிடலாம்.

வாங்கியாச்சு, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடை. நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். எடை கூடுவதற்காக உள்ளே வேறு எதையாவது அடைத்து ஏமாற்றுவதும் உண்டு. அதனால் அடுத்து, சார்ஜ் ஆகும் நேரத்தைப் பாருங்கள். 500 மில்லி ஆம்பியர் சார்ஜரில் 3000 எம்ஏஎச் செல் காலியிலிருந்து நிரம்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘9900’ செல் இரண்டே மணி நேரத்தில் நிரம்பிவிட்டால், அதன் உண்மையான கொள்ளளவு ஆயிரத்தைத் தாண்டாது.

ஏமாந்தால் பணம் மட்டும்தானே போகும்?

இல்லை. லித்தியம் அயான் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் செய்தாலோ, உள்ளே ஷார்ட் ஆனாலோ வெப்பம் தானாகவே ஏறிக்கொண்டே போய், வாயு கிளம்பித் தீப்பிடிக்கலாம். டார்ச்சில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் புகாதபடி ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய உலோகக் குழாய் அது. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் குழாயே வெடித்துச் சிதறலாம். அதுவும் கையில் பிடித்திருக்கும்போது!

அப்போ எதைத்தான் வாங்குறது?

டார்ச் தயாரித்த நிறுவனமே தரும் செல், அல்லது ‘ப்ரொடெக்டட்’ வகை செல். இதன் அடியில் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். சார்ஜ் அதிகமானாலும், ரொம்பக் குறைந்தாலும், ஷார்ட் ஆனாலும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இந்த சர்க்யூட்டால் செல்லின் நீளம் 68 முதல் 70 மி.மீ. வரை வரும். உங்கள் டார்ச்சில் அது பொருந்துமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்கள் வேண்டவே வேண்டாம். பேக்கிலிருந்து பிரித்த, பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத 18650 செல்களை வாங்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021-லேயே எச்சரித்தது. இந்தியாவில் ஐஎஸ் 16046 தரமும், ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும்.

அளவு ஒன்று, வோல்ட் வேறு

14500 என்ற லித்தியம் செல் பார்க்க நம் வீட்டு ஏஏ பேட்டரி மாதிரியே இருக்கும். ஆனால், ஏஏ 1.5 வோல்ட், இது 3.7 வோல்ட். மாற்றிப் போட்டால் டார்ச் கருகிவிடலாம். சிஆர்123ஏ வகை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடியது. அதை சார்ஜரில் போடவே கூடாது.

பயன்படுத்தும்போது…

* லித்தியம் அயானுக்கான, 4.2 வோல்ட்டில் தானாக நின்றுவிடும் சார்ஜரையே பயன்படுத்துங்கள். தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம்.
* இரண்டு செல் போடும் டார்ச்சில் இரண்டும் ஒரே பிராண்ட், ஒரே வயது, ஒரே சார்ஜில் இருக்க வேண்டும். பழசும் புதுசும் கலந்தால், பலவீனமான செல் முதலில் காலியாகி, ஆபத்தான நிலைக்குப் போகும்.
* உபரி செல்லை சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பா போதும். விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.
* மேலுறை கிழிந்தாலோ, நசுங்கினாலோ, சார்ஜ் ஆகும்போது தொட முடியாத அளவு சுட்டாலோ அந்த செல்லின் கதை முடிந்தது. இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். ஆபத்து அதை அள்ளுபவருக்குத்தான்.