கொலை நிஜம், காதல் கற்பனை

துப்பறியும் கதை எழுதிய அதே கை சரித்திர நாவலும் எழுதினால்? வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயை ஒரே மூச்சில் படித்து முடித்த கொல்கத்தா தமிழர் ஒருவரின் தீர்ப்பு

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் இருந்து கேயாத்தலா நடக்கிற தூரம்தான். ஹாரிசன் ரோடு வாடகை ஜாகையில் வெகுகாலம் குடியிருந்த துப்பறிவாளர் பியோம்கேஷ் பக்ஷி கடைசியில் சொந்த வீடு கட்டிக்கொண்டது இந்தக் கேயாத்தலாவில்தான். எல்லாம் கதையில். ஆனாலும் லேக் மார்க்கெட் பகுதியில் 40 வருடமாக வசிக்கும் தமிழர் ஒருவர், கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாலையில் அந்தப் பக்கம் நடக்கும்போது எந்த வீடாக இருக்கும் என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.

இந்த மழைக்காலத்தில் அவர் படித்து முடித்தது இரண்டு கட்டு. ஒன்று பியோம்கேஷ் கதைகள். இன்னொன்று ‘துங்கபத்ரார் தீரே’ என்ற சரித்திர நாவல். இரண்டையும் எழுதியவர் ஒருவரே: சரதிந்து பந்தோபாத்யாய். 1899ல் ஜான்பூரில் பிறந்து, சட்டம் படித்து, 1938ல் பம்பாய்க்குப் போய் சினிமாவுக்குக் கதை எழுதி, 1952ல் அதை உதறிவிட்டுப் புனேயில் தங்கிவிட்டவர். 1970ல் மறைந்தார். 1932ல் தொடங்கிய பியோம்கேஷை நடுவில் ஏறத்தாழ 15 வருடம் அவர் தொடவே இல்லை. தமிழ்நாட்டில் பலருக்கு இந்தத் துப்பறிவாளர் அறிமுகமானது 1993ல் தூர்தர்ஷனில் வந்த சீரியல் மூலம். பாசு சட்டர்ஜி இயக்கம், வேட்டி ஜிப்பாவில் ரஜித் கபூர்.

பியோம்கேஷுக்குத் ‘துப்பறிவாளர்’ என்ற சொல்லே பிடிக்காது. ‘சத்யான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுபவன் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார். தணிக்கைக்காரருக்கு இந்த இடத்தில்தான் ஒட்டுதல். கதைகளில் அவருக்கு முதலிடம் ‘பதேர் காண்டா’வுக்கு. சனிக்கிழமை மாலை குறிப்பிட்ட விளக்குக் கம்பத்தடியில் வந்து நின்றால் உங்கள் வழியில் கிடக்கும் முள் அகற்றப்படும் என்று பத்திரிகையில் ஒரு விளம்பரம். நகரத்தில் மனிதர்கள் கிராமபோன் ஊசி பாய்ந்து நடுரோட்டில் செத்து விழுகிறார்கள். ஊசியை எய்தது எது என்பது கடைசிவரை கண்ணெதிரேயே இருக்கிறது, படிப்பவர்தான் பார்ப்பதில்லை. கணக்குப் புத்தகத்திலும் மோசடி இப்படித்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம்.

‘ஆதிம் ரிபு’ மட்டும் அவருக்கு உறுத்துகிறது. கல்கத்தா 1946ல் கலவரத்தில் எரிந்துகொண்டிருக்கும்போது தொடங்கி, சுதந்திரத்தை ஒட்டி முடிகிற கதை. பியோம்கேஷ் குற்றவாளியைத் தப்பவிடுகிறார். கள்ளச் சந்தையில் சேர்த்த பணத்தையும் தீயிலிட்டுக் கொளுத்துகிறார். குற்றவாளியை விட்டதைக்கூட அவர் மன்னித்துவிட்டார். கணக்கில் வராத பணத்தை கஜானாவில் சேர்க்காமல் சாம்பலாக்கியதைத்தான் இன்றுவரை ஏற்கவில்லை.

‘துங்கபத்ரார் தீரே’ வேறு உலகம். இரண்டாம் தேவராயரின் விஜயநகரம். மன்னருக்கு மணப்பெண்ணாகக் கலிங்கத்து இளவரசி வித்யுன்மாலா ஆற்றுவழியே படகில் வருகிறாள். வழியில் வெள்ளத்தில் இருந்து கரையேற்றப்பட்ட அர்ஜுனவர்மன் என்ற இளைஞன், பிற்பாடு புயலில் ஆற்றில் விழுந்த அவளையே காப்பாற்றுகிறான். மேலே என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1967ல் மேற்கு வங்கத்தின் ரவீந்திர புரஸ்கார் பெற்ற நாவல் இது.

தணிக்கைக்காரர் கையில் பென்சில் வைத்துக்கொண்டே படிப்பவர். நம்ப முடியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். இந்த நாவலில் பெரிய கேள்விக்குறி விழுந்தது ஒரே இடத்தில். மன்னரின் தம்பி புதுமனைக்கு விருந்து வைத்து, வருகிறவர்களைத் தீர்த்துக்கட்டுகிற பகுதி. துப்பறியும் கதைக்காரர் பழைய தொழிலைச் சரித்திரத்தில் காட்டிவிட்டார், பியோம்கேஷ் இல்லாத குறைதான் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு ராபர்ட் சூவல் 1900ல் வெளியிட்ட விஜயநகர வரலாற்றைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். நாவலாசிரியரும் ஆதாரமாகக் கொண்ட நூல்தான் அது. சம்பவம் அப்படியே இருக்கிறது. ஹெராத்தில் இருந்து ஷாருக்கின் தூதராக வந்து, 1443ல் விஜயநகரம் சேர்ந்த அப்துர் ரசாக் எழுதி வைத்தது. தூதர் கள்ளிக்கோட்டையில் தங்கியிருந்தபோது நடந்ததாம். தம்பி புது வீடு கட்டுகிறான். பிரமுகர்களை அழைக்கிறான். வாசலில் முரசும் எக்காளமும் காதைப் பிளக்கின்றன. மரியாதையாக ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுகிறார்கள். உள்ளே மறைந்திருப்பவர்கள் வெட்டிப் போடுகிறார்கள். அலறல் வெளியே கேட்காது. அடுத்தவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். முடித்துவிட்டுத் தம்பி அண்ணனை அழைக்க அரண்மனைக்கே போகிறான். உடம்பு சரியில்லை, வர முடியாது என்கிறார் மன்னர். அங்கேயே கத்தியால் குத்துகிறான். மன்னர் சிம்மாசனத்துக்குப் பின்னால் விழுகிறார், பிழைத்துக்கொள்கிறார்.

கேள்விக்குறியை ரப்பரால் அழித்தார். வவுச்சர் இருக்கிறது, அவ்வளவுதான். புனைவு என்று பார்த்தால் அது அந்தக் காதல்தான். சரதிந்து இதில் ஏமாற்றவில்லை. தான் எழுதியது கதையாக்கிய சரித்திரம் அல்ல, சரித்திரப் பின்னணியில் கதை என்று முன்னுரையிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறார்.

திகில் என்று பார்த்தாலும் தணிக்கைக்காரரின் ஓட்டு விஜயநகரத்துக்குத்தான். பியோம்கேஷ் கதையில் கொன்றவன் யார் என்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டுகிறோம். இங்கே கொல்கிறவனைத் தெரியும், உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியும். அந்த முரசுச் சத்தம் எதற்கு என்பது காத்திருக்கிற விருந்தாளிக்குத்தான் தெரியாது. இதை எழுதத் துப்பறியும் கதையில் பழகிய கை வேண்டும் என்பது அவர் வாதம். ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கியிடமும் இதே போல உண்மையான ஒரு கொலை, ஆதித்த கரிகாலன் கொலை, இருந்தது. அவரோ யார் கொன்றது என்பதைப் பனிமூட்டத்திலேயே விட்டுவிட்டார். சத்யான்வேஷியிடம் கொடுத்திருக்க வேண்டிய வழக்கு என்கிறார் தணிக்கைக்காரர், பாதி வேடிக்கையாக.

குறைகளும் சொல்கிறார். பெண்களின் அழகை வர்ணிக்க ஆரம்பித்தால் சரதிந்து லேசில் நிறுத்துவதில்லை. சமஸ்கிருதம் மிதமிஞ்சிய அந்த நடையில், வங்காளம் வயதான பிறகு கற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். முடிவில் எல்லாருக்கும் எல்லாம் வசதியாக அமைந்துவிடுகிறது. 14 வருடம் பம்பாய் சினிமாவில் இருந்தவர் அல்லவா!

வீட்டில் இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. மனைவிக்குப் பிடித்தது அந்தக் காதல்தான். வெட்டுக்குத்து தினம் பேப்பரில் வருகிறது, அதற்கு 500 வருடம் பின்னால் போவானேன் என்பது அவர் கட்சி. சமாதானம் ஏற்படவில்லை. தணிக்கைக்காரர் இப்போது சரதிந்துவின் ‘கௌர்மல்லார்’ தொடங்கியிருக்கிறார். சசாங்கன் இறந்த பிறகான 7ஆம் நூற்றாண்டு வங்காளம். முதல் 30 பக்கத்தில் 4 கேள்விக்குறி விழுந்திருக்கிறது.