செம்பரம்பாக்கம் சொல்லித்தரும் கணக்கு

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் ரிவியூவில் உட்கார்ந்தவர்களுக்கு 98, 99 என்ற எண்கள் நன்றாகப் பழக்கம். கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று கேட்டால் குழுவுக்குக் குழு அதையொட்டித்தான் ஒரு சதவீதம் சொல்கிறார்கள். அந்தத் தரவை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று அடுத்த கேள்வி வந்தால் எல்லோரும் கைடின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மாணவர்கள் மீது பழி போட முடியாது. அவர்கள் கைக்கு வரும் தரவு அப்படி. பைத்தான் வகுப்பு தொடங்கியதும் ஐரிஸ் பூக்கள் வரும். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தன் கட்டுரையில் பயன்படுத்திய, 3 இனங்களைச் சேர்ந்த 150 பூக்களின் அளவுகள் அவை. அடுத்தது டைட்டானிக் கப்பலின் 891 பயணிகள். பாடம் தொடங்க இரண்டும் நல்லவையே. ஆனால் நான்காம் ஆண்டிலும் யாரோ திரட்டி, யாரோ ஒழுங்குபடுத்தி வைத்த அட்டவணையையே இறக்கிக்கொண்டால், தரவைப் பகுத்தாயும் வேலையில் பாதிக்கு மேல் கற்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். ‘பேஸ் பேப்பர்’ முதல் அறிக்கை வரை காசுக்குச் செய்து கொடுக்கும் புராஜெக்ட் சென்டர்கள் மீதியையும் பறித்துக்கொள்கின்றன.

நல்ல தரவு பக்கத்திலேயே இருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழையளவு ஆகியவற்றைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. பல ஆண்டுத் தரவை ஒரு குழு சில நாட்களில் திரட்டிவிடலாம். பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

செம்பரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. இருப்பு மில்லியன் கன அடியில் இருக்கும். வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்றிருக்கும். விநாடிக்கு 100 கன அடி நீர் ஒரு நாள் முழுக்க வந்தால் 8.64 மில்லியன் கன அடி. நேற்றைய இருப்போடு வரத்தைக் கூட்டி, வெளியேற்றத்தைக் கழித்தால் இன்றைய இருப்பு கிடைக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், பல நாட்களில் கணக்கு இடிக்கும்.

ஏன் இடிக்கிறது என்று தேடும் இடத்தில்தான் மாணவர் பொறியாளராகத் தொடங்குகிறார். ஏரி நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர். வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 44 லட்சம் கன அடி போய்விடும். அட்டவணையில் அதற்கென்று தனிப் பத்தி கிடையாது. வரத்து என்று போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடுத்த அளவா, நாள் முழுவதற்குமான சராசரியா? திரையைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. ஏரிக்கரைக்குப் போய், அளவுகோலைப் படித்துக் குறித்துக்கொள்ளும் பணியாளரிடம் கேட்க வேண்டும். மட்டம் ஓரடி ஏறினால் இருப்பு எவ்வளவு கூடும் என்பதும் ஒரே எண்ணில் அடங்காது. அடியில் குறுகி மேலே அகன்ற சட்டி போன்றது ஏரி. மேல் ஓரடி, அடிமட்டத்து ஓரடியைவிடப் பல மடங்கு நீரைப் பிடிக்கும். நேர்கோடு பொருத்திவிட்டு வருகிற மாணவருக்கு இதை வரைபடமே காட்டிக்கொடுக்கும்.

நான்கு ஏரிகளின் வரத்தையும் கூட்டி நகரத்துக்கு வந்த நீர் இவ்வளவு என்று எழுதினால் அதுவும் தவறு. கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர், அங்கிருந்து மற்ற ஏரிகளுக்கும் போகிறது. ஒரே நீரை இரண்டு முறை எண்ணியிருப்போம். சிவில் துறை மாணவருக்கு இது தெரிந்திருக்கும். நிரல் எழுதும் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இருவரையும் ஒரே குழுவில் போடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

இப்போது அந்த 99 சதவீதத்துக்கு வருவோம். நாளைய இருப்பைக் கணிக்கும் மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். பல ஆண்டு நாட்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் கலைத்து, சிலவற்றைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் ஒதுக்குகிறார்கள். செவ்வாயும் வியாழனும் பயிற்சியில் இருக்க, புதன்கிழமையைக் கணிக்கச் சொல்வது சோதனையே ஆகாது. உண்மையில் எந்த மாதிரியும் தேவையில்லை: இன்றைய இருப்பையே நாளைக்கும் எழுதிவைத்தால் பெரும்பாலான நாட்களில் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். மாதிரி இதை எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டினால்தான் அதற்கு மதிப்பு. 2014 வரை பயிற்சி கொடுத்துவிட்டு 2015 டிசம்பரைக் கணிக்கச் சொல்ல வேண்டும். டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது, அடையாறு கரை மீறியது. நகரத்துக்கு அந்த ஒரு நாள்தான் முக்கியம். சராசரிப் பிழை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்குக் கைவிடும் மாதிரியால் யாருக்கும் பயனில்லை. 2019 கோடையையும் அப்படியே சோதிக்கலாம். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த ஆண்டு அது.

எல்லாக் கல்லூரிக்கும் ஏரி வேண்டும் என்பதில்லை. முப்பந்தல் காற்றாலைகளோ திருப்பூர் சாயப்பட்டறைகளோ கல்லூரிப் பேருந்தின் டீசல் கணக்கோ போதும். அளந்தவரைச் சந்தித்துப் பேச முடிகிற தரவாக இருக்க வேண்டும், நிபந்தனை அவ்வளவே.

இதற்குக் கடைசி செமஸ்டரின் சில மாதங்கள் போதாது. ஐந்தாம் செமஸ்டரிலேயே குழு அமைத்து, தரவைத் திரட்டிச் சரிபார்ப்பதற்கென்று தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். கணிப்பு தோற்ற இடத்தைக் காரணத்தோடு எழுதும் குழுவுக்கு முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஒற்றைப்படை செமஸ்டர் நடக்கும் காலமும் அதுதான். துறைத் தலைவர்கள் மனம் வைத்தால் இந்த ஆண்டே மாணவர்களை ஏரிக்கரைக்கு அனுப்பலாம்.