பெத்தாங்க் குண்டில் துருவா? லேத் பட்டறைக்கு ஓடாதீர்கள்!

ஆறு மாதம் பரண் மேல் கிடந்த பெத்தாங்க் குண்டைக் கையில் எடுத்தால், உள்ளங்கையெல்லாம் செம்மண் பூசியதுபோல் துரு ஒட்டும். ‘லேத் பட்டறையில் கொடுத்து ஒரு சுற்று கடைந்து வாங்கினால் புதுசு மாதிரி ஆகிடும்’ என்று யாராவது ஒருவர் யோசனை சொல்வார். கேட்டுவிடாதீர்கள். குண்டு பளபளக்கும், ஆனால், அதை வைத்து இனி முறையான போட்டியில் ஆட முடியாது.

புதுச்சேரிக்கு பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்றவற்றில் பெத்தாங்க் விளையாட்டும் ஒன்று. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய ‘சொல்தா’க்களின் வீடுகளில் மூன்று இரும்புக் குண்டுகள் கொண்ட ஒரு பை இன்றும் இருக்கும். தாத்தா ஆடியது, அப்பா ஆடியது என்று கைமாறி வரும் பொருள் அது. அதைச் சரியாகப் பராமரித்தால் பேரனும் ஆடலாம். தவறாகத் தேய்த்தால் ஒரே நாளில் வீணாகிவிடும்.

ஆணி அடித்த மரப்பந்து

தென் பிரான்சில் லா சியோட்டா என்ற கடலோர ஊரில், 1907-ம் ஆண்டு வாக்கில் பிறந்தது பெத்தாங்க். வாத நோயால் ஓடிவந்து வீச முடியாத ஜூல் லெனுவார் என்பவருக்காக, நின்ற இடத்திலிருந்தே வீசும்படி ஆட்டத்தை மாற்றினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. ‘கால்களை ஊன்றி’ என்ற பொருள் தரும் வட்டார வழக்கிலிருந்துதான் பெயரும் வந்தது.

அந்தக் காலத்தில் குண்டு மரத்தால் ஆனது. தேயாமல் இருக்க, அதன் மேல் நெருக்கமாக ஆணிகளை அடித்து இரும்புத் தோல் போர்த்தியிருப்பார்கள். 1920-களில் உலோகக் குண்டுகள் வந்தன. இப்போது போட்டிகளில் பயன்படுவது உள்ளே வெற்றிடம் கொண்ட எஃகுக் குண்டு. அரைக்கோளங்கள் இரண்டைப் பற்றவைத்து, கடைந்து, பதப்படுத்தி எடுக்கிறார்கள்.

பவுலிங் பந்து வேறு, பெத்தாங்க் குண்டு வேறு

பெருநகர மால்களில் பத்து கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பந்தின் மேற்பரப்பு பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. ஓடுபாதையில் பூசிய எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும்; தடத்தில் உருண்டு தேயவும் செய்யும். அதனால், அவ்வப்போது அதை உப்புத்தாள் போன்ற தேய்ப்பான்களால் தேய்த்து, புதிய மேற்பரப்பு கொண்டுவருவது வழக்கம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் இதைத் தவறாமல் செய்கிறார்கள்.

பெத்தாங்க்கில் கதையே வேறு. சர்வதேச விதிப்படி குண்டின் விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டருக்குள்ளும், எடை 650 முதல் 800 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் முத்திரையும் எடையும் குண்டில் பொறிக்கப்பட்டு, படிக்கும்படி இருக்க வேண்டும். தயாரிப்பாளர் கடைந்து முடித்த பிறகு எந்த மாற்றமும் செய்யக் கூடாது. உள்ளே ஈயமோ மணலோ நிரப்பக் கூடாது. அதிகம் துள்ளாமல் இருப்பதற்காகச் சூடேற்றி எஃகை மென்மையாக்குவதும் குற்றம். பிடிபட்டால், ஆடியவர் மட்டுமல்ல, அவருடைய அணியே அந்தப் போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதுதான். உங்கள் பெயரையோ முதலெழுத்தையோ பொறித்துக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு.

‘கொஞ்சமாகக் கடைந்தால் யாருக்குத் தெரியும்?’ என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 71 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டில் சுற்றிலும் கால் மில்லிமீட்டர் எடுத்தாலே விட்டம் 70.5-க்கு வந்துவிடும். எடையில் ஏறக்குறைய 30 கிராம் போய்விடும். 680 என்று பொறித்த குண்டு, தராசில் 650 காட்டும். அதற்கு மேல் ஒரு சுரண்டல் விழுந்தாலும் குண்டு விதிக்கு வெளியே! முத்திரையும் மழுங்கிவிடும்.

வீராம்பட்டினம் காற்றும் துருவும்

வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்தப் பிரச்னை இன்னும் அதிகம். அலையிலிருந்து தெறிக்கும் நுண்ணிய உப்பு காற்றில் கலந்து இரும்பின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். உப்புநீர் பட்ட இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் எஃகுக் குண்டுகளும் உண்டு; ஆனால், விலை கூடுதல். சாதாரண கார்பன் எஃகுக் குண்டில் புதிதாக இருக்கும்போது மெல்லிய பூச்சு இருக்கும். சில ஆட்டங்களிலேயே அது தேய்ந்துவிடும். அதன் பிறகு குண்டைக் காப்பது உங்கள் கையில்தான்.

கடலுக்குப் போய்வந்த மோட்டாரை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பழக்கம்தான் குண்டுக்கும் தேவை.

எப்போது, எப்படி?

ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும்: மண்ணைத் துடைத்துவிடுங்கள். கடற்கரையில் ஆடியிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு, குண்டு முழுக்க லேசாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடிக்கும். மீண்டும் ஆடுவதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கை வழுக்கும், மண்ணும் ஒட்டும்.

மேலாகச் செந்தூள் படிந்தால்: எண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். போகாவிட்டால் பாத்திரம் துலக்கும் நைலான் நார் போதும்.

துரு கெட்டியாக ஒட்டியிருந்தால்: வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். அமிலம் நல்ல எஃகையும் அரிக்கும். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். பிள்ளைகள் செய்வதாக இருந்தால் பெரியவர்கள் உடனிருப்பது நல்லது.

கையைக் கீறும் பிசிறு இருந்தால்: குண்டோடு குண்டு மோதும்போது முத்திரையின் ஓரத்திலும் வரிப்பள்ளங்களிலும் கூரான பிசிறு எழும்பும். மிக நைசான உப்புத்தாளால் அந்தப் பிசிறு மழுங்கும் அளவுக்கு மட்டும் தொட்டால் போதும். எழுத்தின் மேலோ, குண்டு முழுவதுமோ தேய்க்க வேண்டாம்.

சேமிக்கும்போது: ஈரத் துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுவதுதான் துருவுக்கு விருந்து. உலர்ந்த துணிப்பையில், தரையில் படாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எப்போது ஓய்வு கொடுக்கலாம்?

மூன்று அறிகுறிகள் போதும். முதலாவது, முத்திரையும் எடை எண்ணும் படிக்க முடியாமல் போவது. இரண்டாவது, மின்னணுத் தராசில் 650 கிராமுக்குக் கீழே காட்டுவது. மூன்றாவது, விரிசல். நல்ல குண்டு மோதினால் கணீரென்று ஒலிக்கும். ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தால் பற்றவைத்த இடத்தை உற்றுப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவே குண்டு உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருக்கிறது: பெரிய துண்டு எங்கே கிடக்கிறதோ, அதை வைத்துத்தான் புள்ளி!

சின்னச் சின்ன வடுக்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சொல்லப்போனால், லேசாகச் சொரசொரப்பான குண்டு கையில் நன்றாகப் பிடிபடும். பளபளப்பை வைத்துப் புள்ளி தருவதில்லை. போட்டித் தகுதி இழந்த குண்டையும் விரிசல் இல்லாதவரை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் 6 மீட்டர் தள்ளி நின்று குறிபார்த்துப் பழக அது தாராளமாகப் போதும்.