உங்களுக்குத் தெரியுமா? சென்னைக்குத் திரும்பி வந்த பலாலி விமானம்

சென்னையில் விமானம் ஏறினால் யாழ்ப்பாணத்துப் பலாலி ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. யானைக்கவுனியில் ஆட்டோ பிடித்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் போய்ச் சேர சில மாலைகளில் அதைவிடக் கூடுதலாகும்!

இந்த வான்வழி புதிதல்ல. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மெட்ராசுக்குத்தான் வந்தது. ஒரு நாட்டு விமான நிறுவனத்தின் கன்னிப் பயணம் நம்ம ஊருக்கு. இங்கே அதை யாரும் பேசுவதில்லை. அந்த விமானம் வழியில் இறங்கிய பலாலி, இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம். இலங்கை உள்நாட்டுப் போரில் அது ராணுவத்தின் கைக்குப் போனது. சென்னை விமானம் பெரியவர்களின் நினைவில் மட்டும் மிஞ்சியது.

2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னை சேவையைத் தொடங்கியது. நாலு மாதம் பறப்பதற்குள் கொரோனா! மீண்டும் சிறகு விரிந்தது 2022 டிசம்பர் 12இல். 2024 செப்டம்பர் முதல் இண்டிகோவும் பறக்கிறது. ஓடுபாதை குட்டை என்பதால் பெரிய ஜெட்டுகளுக்கு இடமில்லை. சென்னையிலிருந்து வந்து போவதெல்லாம் இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் 72 விமானங்கள்தான்.